பரமக்குடியில் போட்ட ஆறு கோல்

காளிராஜ் ராமநாதபுரத்தில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கால்பந்துக்கென்று அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதில் ஒரு கேள்வி போட்டார். கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரரான ஸ்ட்ரைக்கர் ஒருவர் ஆடியதிலேயே பெரிய சீசன் எது?

அன்று முழுக்கச் சண்டைதான். மெஸ்ஸி ஒரு சீசனில் எழுபத்து மூன்று கோல் போட்டாரே, அதற்கு மேல் என்ன பேச்சு என்றது ஒரு கூட்டம். இருபத்தொன்பது ஆட்டத்தில் நாற்பத்தொன்று போட்ட லெவன்டோவ்ஸ்கியை விட்டுவிட்டீர்களே என்றது இன்னொன்று. பெனால்டியைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்றார் ஒருவர். கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்கு எதிராகப் போட்டதையும் கழிக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார் மற்றொருவர். இருபது வயதில் பார்சிலோனாவுக்காக நாற்பத்தேழு கோல் போட்ட பிரேசில் ரொனால்டோதான் தன் தேர்வு என்று ஏர்வாடியிலிருந்து வசீம் குரல் பதிவு அனுப்பினார். மீன் வண்டி ஓட்டும் வசீமும் ஒரு காலத்தில் ஸ்ட்ரைக்கர்தான்.

"அதுக்கப்புறம் அந்தாளுக்கு முட்டி போயிருச்சேப்பா" என்று யாரோ எழுதினார்கள்.

"முட்டி போனது வேற கதை. சீசன்னா சீசன் மட்டுந்தான். பின்னாடி நடந்தத இதுல சேக்கக் கூடாது" என்று காளிராஜ் தீர்ப்புச் சொன்னார். எண்பது பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

கலைச்செல்வி இதையெல்லாம் ராமநாதபுரம் கேணிக்கரையில் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவளுக்கு நின்றபடி செய்யும் வேலை. மூன்று மணிக்கு மேல் இடது முழங்கால் கனக்கத் தொடங்கும். உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலுக்கு மாற்றிக்கொள்வாள். நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவள் அய்யா என்று அழைக்கும் அப்பா மூக்கையாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் நெல், அதற்குப் பிறகு மிளகாய். அம்மா சேதுலட்சுமியும் அவரோடு வயக்காட்டு வேலை பார்க்கிறாள்.

மறுநாள் காளிராஜ் கேள்வியைச் சற்று மாற்றினார். வெளியூர்க் கதை போதும், நம் மாவட்டத்தில் ஒரு ஸ்ட்ரைக்கரின் பெரிய சீசன் எது? பதில் எல்லோருக்கும் தெரியும். வசீம் ஒரு வருடத்தில் போட்டது நாற்பத்தாறு. கல்லூரியில் படித்தபோது கலைச்செல்வி போட்டது நாற்பத்தொன்பது. ஏழு வருடமாக அதை யாரும் தாண்டவில்லை. இந்த வருடம் ஏர்வாடிப் பெண் மின்ஹா அதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கலைச்செல்வி படித்த அதே தனியார் கல்லூரி, அதே பயிற்சியாளர் ராம்குமார். இதுவரை நாற்பத்துநான்கு. கீழக்கரையில் நடக்கவிருந்த கடைசிப் போட்டித் தொடர் மட்டும் பாக்கி.

'மின்ஹா ஐம்பது போடுவாளா?' என்று காளிராஜ் வாக்கெடுப்பு வைத்தார். பெரும்பாலோர் போடுவாள் என்றார்கள். சிலர், கலைச்செல்வி காலத்தில் எதிரணிகள் பலமாக இருந்தன, இப்போது இருப்பவர்கள் பந்தை விட்டு ஓடுகிறவர்கள் என்றார்கள். கலைச்செல்வி குழுவில் எதுவும் எழுதவில்லை. ஆனால் தினமும் எண்ணிக்கையைப் பார்த்தாள். மின்ஹா நாற்பதைத் தொட்ட அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் மின்ஹாவே கடைக்கு வந்தாள். தலையில் முக்காடு, தோளில் விளையாட்டுப் பை.

"அக்கா, இந்த வலி மாத்திரையில ரெண்டு அட்டை. அப்புறம் முட்டியில சுத்துற துணி ஒண்ணு."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"போன வாரம் நின்ன அண்ணன் கேக்கலையே."

கலைச்செல்வி அவள் நீட்டிய காலி அட்டையில் மாத்திரைப் பெயரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் நிற்பதைப் பார்த்தாள். வலது காலில் பாரத்தைப் போட்டு, இடது காலை லேசாக மடக்கி வைத்திருந்தாள். கலைச்செல்வி மேசையைச் சுற்றி வெளியே வந்தாள்.

"படி எறங்கும்போது உள்ள ஏதோ நழுவுற மாதிரி இருக்கா?"

மின்ஹா மடக்கிய காலைச் சட்டென்று நேராக வைத்தாள்.

"சடார்னு திரும்பும்போது கால் பிடிச்சுக்கிருதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பேரு கலைச்செல்வி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "நாப்பத்தொம்பது" என்றாள். அடுத்த நொடியே முகம் இறுகியது. "இன்னும் ஆறுதான்க்கா."

"கீழக்கரைக்குப் போகாத. முதல்ல ஸ்கேன் எடு. நானும் இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டுதான் ஆடுனேன். கடைசி மேட்ச்சுக்கு ஊசியும் போட்டாங்க. வலி தெரியல, அதனால கிழிஞ்சதும் தெரியல."

மின்ஹா பையின் வாரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அடுத்த மாசம் சென்னையில ஒரு கிளப்புக்கு ஆள் எடுக்குறாங்க. மாவட்ட ரெக்கார்டுன்னு ஒரு வரி இருந்தாத்தான் கூப்பிடுவாங்கன்னு சார் சொல்லியிருக்காரு. நாப்பத்துநாலு போட்டவங்க ஊருக்கு ஒருத்தி இருக்காளாம். வேற யாரு வந்து இதச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன்க்கா. நீங்க சொல்றதத்தான் எப்படி எடுத்துக்கிறதுன்னு தெரியல."

சீட்டு இல்லாமல் மாத்திரை தர முடியாது என்று கலைச்செல்வி சொல்லிவிட்டாள். மின்ஹா சாலையைத் தாண்டி எதிரில் இருந்த கடைக்குப் போவதை இங்கிருந்தே பார்த்தாள்.

ராம்குமாரைப் பார்க்க மறுநாள் கல்லூரி மைதானத்துக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் பந்து பழகிய பிள்ளைகளில் ஒன்பது பேர் இன்று போலீஸிலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள். கோப்பை வாங்கினால்தான் அடுத்த வருடம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இலவச இடம் கிடைக்கும் என்பது அவர் கவலை.

"மூணு மேட்ச், கலை. முடிஞ்சதும் ஒரு மாசம் ரெஸ்ட் குடுத்துருவேன்" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் சார் சொன்னீங்க."

அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "உன் மனசு எனக்குப் புரியுது. ஏழு வருஷமா உன் பேருல இருக்குறது போகப்போகுது. கஷ்டமாத்தான் இருக்கும்."

அவள் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏர்வாடிக்குப் பஸ் ஏறினாள். மின்ஹாவின் அம்மா ஜுனைதா தர்காவுக்குப் போகும் தெருவில் பூவும் சர்க்கரையும் ஊதுபத்தியும் விற்கிறாள். கணவர் இறந்து பத்து வருடமாகிறது. கலைச்செல்வி தன் பெயரைச் சொன்னதும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருந்த இடைவெளிகளில் கலைச்செல்வி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சேலையைக் கணுக்காலிலிருந்து தூக்கி முழங்கால் தழும்பையும் காட்டினாள்.

ஜுனைதா தழும்பை வெகுநேரம் பார்த்தாள். "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதம்மா. எம்புள்ள உன்னத் தாண்டிருவான்னு ஒனக்குக் கொஞ்சங்கூட வருத்தம் இல்லையா?"

இல்லை என்று சொல்ல நினைத்தாள். சோறு இறங்காத அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. பதில் வருவதற்கு நேரமாயிற்று. அந்த நேரமே ஜுனைதாவுக்குப் பதிலாகிவிட்டது.

"அல்லா காப்பாத்துவான். நீ வந்ததே போதும், போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு, பூ கேட்டு நின்ற பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கலைச்செல்வி கோபமாக இருந்தாள். எல்லோருக்கும் அவள் முட்டிக் கதை தெரியும். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. நாற்பத்தொன்பது மட்டும்தான் அவர்கள் கண்ணில் பட்டது. அந்த எண் நடுவில் நிற்கும்வரை அவள் எது சொன்னாலும் பொறாமையாகத்தான் கேட்கும். உத்தரகோசமங்கைக்குப் பிரியும் விலக்கில் பஸ் நின்றபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் போகும்வரை அதையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கடைசியாக ஆடிய ஆட்டம் பரமக்குடியில் நடந்தது. அன்று காலை வரை அவள் கணக்கில் நாற்பத்து மூன்று இருந்தது. அந்த ஒரே ஆட்டத்தில் ஆறு போட்டாள். ஊசி போட்டிருந்ததால் கால் தன்னுடையது போலவே இல்லை. கடைசிக் கோலைத் தலையால் முட்டிவிட்டுத் தரையில் இறங்கியபோது உள்ளே எதுவோ இடம் மாறியது. எழுந்து மீதி நேரமும் ஓடினாள். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. மதுரையில் அறுவை நடந்தது ஒரு வருடம் கழித்துத்தான். அதற்குள் சரிசெய்ய முடிந்தது கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது.

அந்த ஆறு இல்லையென்றால் அவள் நாற்பத்து மூன்று. பெண்கள் கணக்கில் மின்ஹா இப்போதே நாற்பத்துநான்கு. அப்படியானால் சாதனைக்காகக் கீழக்கரையில் அவள் ஆட வேண்டியதில்லை.

முதலில் ஈஸ்வரிக்குப் போன் செய்தாள். அன்று அவளோடு முன்வரிசையில் ஆடியவள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள்.

"பரமக்குடியில அந்த ஆறும் நீ போட்டதுன்னு சொல்லப்போறேன். யாரும் கேட்டா மறுத்துறாத."

"ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நான் கார்னர் அடிச்சதத் தவிர என்னத்தடி செஞ்சேன்?"

கலைச்செல்வி காரணத்தைச் சொன்னாள். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் சத்தத்தை மீறி, "எனக்கென்னவோ இது சரியாப் படல. ஆனா கேட்டா ஆமான்னு சொல்லிருவேன்" என்றாள் ஈஸ்வரி.

பிறகு ராம்குமாருக்குப் பேசினாள். அவர் பதறிப்போனார். ஆட்டக்குறிப்பில் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

"நீங்க மறுத்துப் பேசுனா, ஊசி போட்டதப் பத்தியும் நான் பேச வேண்டியிருக்கும் சார்" என்றாள். ஏழு வருடத்தில் அவரிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் குழுவில் அவள் முதன்முறையாக எழுதினாள். பரமக்குடி ஆட்டத்தில் ஆறு கோலும் ஈஸ்வரி போட்டது, வேலைக்குச் சான்றிதழ் உதவும் என்று தன் பெயரில் எழுதச் சொன்னது தான்தான், தன் சரியான எண்ணிக்கை நாற்பத்து மூன்று, பெண்கள் சாதனை ஏற்கெனவே மின்ஹாவுடையது என்று நான்கு வரிகள்.

பத்து நிமிடத்தில் குழுவில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டார்கள். அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். ஆறு பொய்யென்றால் மீதி நாற்பத்து மூன்று மட்டும் நிஜமா என்று ஒருவர் கேட்டார். ஏழு வருடம் ஊரை ஏமாற்றியிருக்கிறாள் என்றார் இன்னொருவர். அப்படியானால் வசீமின் நாற்பத்தாறுதான் இத்தனை நாளும் முதலிடமா என்று ஒரு தனி வழக்கு கிளம்பியது. ஆண்கள் கணக்கு வேறு, பெண்கள் கணக்கு வேறு என்று அது திரும்பி, பிறகு பெண்கள் ஆட்டத்தையெல்லாம் இதில் சேர்த்ததே தப்பு என்று ஒருவர் முடித்தார். ராம்குமார், ஆட்டக்குறிப்பில் தன் கவனக்குறைவு என்று ஒற்றை வரி போட்டார். ஈஸ்வரியும் ஆமாம் என்று ஒரு சொல் எழுதினாள். காளிராஜ் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். அதில் கலைச்செல்வியின் பெயரே இல்லை.

அவள் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். அய்யாவை மட்டும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூக்கையா வாசலில் மிளகாய்ச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"டீக்கடையில கூத்தையா மகன் போனக் காட்டுனான். நீ எழுதுனதுன்னு வாசிச்சான்."

"ஆமாய்யா."

"நான் அன்னைக்குப் பரமக்குடியிலதான் நின்னேன். சந்தையில மொளகாயப் போட்டுட்டு நேரா மைதானத்துக்கு வந்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னாடி. ஆறும் நீ போட்டத எங்கண்ணால பாத்தேன்."

அவர் வந்திருந்தது அவளுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்தவர் அவர். பொய்யை எழுதும்போது அந்த நாளில் தானும் தன் முட்டியும் மட்டும் இருந்ததாக அவளுக்குத் தோன்றியிருந்தது.

அருகில் உட்கார்ந்து மின்ஹாவைப் பற்றிச் சொன்னாள். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு நல்லது செய்யணும்னா செய்யி. யாரு வேணாங்குறா? கூத்தையா மகன் எங்கிட்ட, ஏன்யா, காசு கிசு குடுத்துப் பேர எழுத வச்சீயளான்னு கேக்குறான். நாலு பேரு சிரிக்கிறான். நான் என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீக அய்யா. இப்பச் சொன்னா எல்லாம் கெட்டுப்போகும்."

"ஏழு வருசமா அங்கன உக்காந்து நான் சொன்னது அந்த ஒரு கதையத்தான் தாயி" என்றார். அடுத்த சாக்கை இழுத்துக்கொண்டார். சேதுலட்சுமி உள்ளேயிருந்து வந்து இருவரையும் பார்த்துவிட்டு மீண்டும் அடுப்படிக்குப் போனாள்.

அதன்பிறகு அவர் அந்த டீக்கடைக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜுனைதா மருந்துக்கடையைத் தேடி வந்தாள். கையில் மதுரையில் எடுத்த ஸ்கேன் உறை இருந்தது.

"பொறாமைக்காரி எவளும் இருக்குறதத் தூக்கிக் குடுக்க மாட்டா. அது எனக்குத் தெரியும்" என்றாள். "நேத்துப் புடிவாதமாக் கூட்டிட்டுப் போனேன். உள்ள சவ்வு கிழிஞ்சிருக்காம். பாதிதானாம். இதோட ஆடியிருந்தா முழுசாப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஆபரேஷன் வேண்டியதில்ல, நாலு மாசம் ஓடக் கூடாதாம்."

"சென்னைக்கு?"

"அது போச்சும்மா." ஜுனைதா உறையை மடக்கினாள். "நீ எழுதுனது நெசமா?"

"நெசந்தான்" என்றாள் கலைச்செல்வி.

ஜுனைதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

மின்ஹா கீழக்கரையில் ஆடவில்லை. கல்லூரி அணி அரையிறுதியில் தோற்றது. வருகிற ஆண்டு இலவச இடங்கள் குறையலாம் என்று பேச்சு அடிபட்டது. இரண்டு வாரம் கழித்து மின்ஹா மருந்துக்கடைக்கு வந்தாள். முட்டியில் பட்டை கட்டியிருந்தது. எதுவும் வாங்கவில்லை.

"உங்களாலதான் என் பேருல ரெக்கார்டுன்னு குரூப்ல எழுதுறாங்க. அம்பது போட்டு நானே எடுத்திருப்பேன். இப்ப அடுத்தவங்க பொய் சொன்னதுல கெடச்சதுன்னு ஆயிருச்சு. சென்னைக் கேம்ப்பும் போச்சு."

"கால் இருக்குல்ல" என்றாள் கலைச்செல்வி.

"உங்களுக்கு அது மட்டும் போதும். எனக்கு?" மின்ஹாவின் கண் நிறைந்துவிட்டது. வேறு வாடிக்கையாளர் வந்து நின்றதால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் மின்ஹா மறுபடி மைதானத்தில் மெதுவாக ஓடத் தொடங்கியதாக ஜுனைதா போனில் சொன்னாள். பழைய வேகம் வருமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லையாம். ராம்குமார் இப்போது யாருக்கும் ஊசி போட விடுவதில்லை என்றும் சொன்னாள். அது நிஜமா என்று கலைச்செல்வி விசாரிக்கவில்லை.

ஒருநாள் காளிராஜ் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். சில்லறையை எடுத்துக்கொண்டே, "நான் அந்த மேட்ச்சோட போட்டோ ஒண்ணு வச்சிருக்கேன் தங்கச்சி. கடைசிக் கோல், நீ தலையால முட்டுறது. அதுல ஈஸ்வரி கார்னர் கொடிகிட்ட நிக்கிறா" என்றார்.

கலைச்செல்வி ரசீதைக் கிழித்தாள்.

"போடவா?"

"வேணாம்ணே. அந்தப் புள்ள இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கா."

"அப்ப ஒனக்கு?"

கலைச்செல்வி ரசீதை அவரிடம் நீட்டினாள். அவர் போன பிறகு, அந்தப் படத்தை அய்யாவுக்கு மட்டுமாவது வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தாள். கொடுத்தால் அவர் அதை டீக்கடைக்கு எடுத்துப் போவார். அங்கே ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் இன்னொரு முறை சொல்ல அவளால் முடியாது. காளிராஜின் எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, அழைக்காமல், அடுத்தவரின் மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்கத் தொடங்கினாள்.